ஒற்றை மாடும் ஈரத் தோட்டமும்

1959 பிப்ரவரி 9, திங்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. படிக்கப் போவது நான் ஒருவன்தான், அதனால் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். ஒரு எழுத்து குண்டாக இருக்கிறது, அடுத்தது எலும்பும் தோலுமாக இருக்கிறது. வரி எல்லாம் மேலே ஆரம்பித்துக் கீழே போய் விழுகிறது. ஏர் பிடித்தால் கோடு கிழித்த மாதிரி ஓட்டுகிற கைக்கு இது வெட்கம்தான். ஆனாலும் எழுதி முடித்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அப்படியே அதில் இருக்கிறது. இந்த வயதில் இதைவிட ஆச்சரியம் எனக்கு வேறு இல்லை.

என் பெயர் சென்னியப்பன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்று ஜெயில் டாக்டர் சொன்னார். சரவணம்பட்டிக்குக் கிழக்கே தோட்டத்துச் சாளை வீட்டில் நானும் என் மனைவி பழனாத்தாளும் இருக்கிறோம். ஒரே மகள் கோமளாவைப் போத்தனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மருமகனுக்கு ரயில்வேயில் வேலை. போன மாதம் தைப்பூசம் கழிந்து கோயமுத்தூர் ஜெயிலில் இருந்து என்னை விட்டார்கள். உள்ளே ஐந்து வருஷத்துக்கு மேல். எழுத்து அங்கேதான் கற்றது. வெங்கடபதி என்ற மில் கிளார்க், எனக்கு மகன் வயது, ஜெயில் தறியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், கற்றுக் கொடுத்தான். "பெரியவரே, வெளியே போனா மனசுல அரிக்கறதை எல்லாம் எழுதி வையுங்க. எழுதுனா பாதி சந்தேகம் செத்துப் போயிரும்" என்றான். அதற்காகத்தான் இந்த நோட்டு.

வெளியே வந்த அன்று பஸ்ஸின் நெற்றியில் சத்தியமங்கலம் என்று இருந்ததை நானே படித்தேன். பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். "ஆமாங்க, அதுதான் எழுதியிருக்குது" என்றார். அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வழி நெடுக சோப்பு, பீடி, பல்பொடி, சினிமா என்று சுவர் சுவராகப் படித்துக்கொண்டே வந்தேன்.

சந்தோஷத்தை எழுதியாயிற்று. இனி மற்றது.

வீட்டில் ஏதோ இருக்கிறது. பழனாத்தாள் என்னை ரொம்ப நன்றாகக் கவனிக்கிறாள். சோற்றில் நெய் ஊற்றுகிறாள். ஜெயிலுக்குள் ஒருவன் நமக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினால், பொழுது சாய்வதற்குள் அவனுக்கு நம்மால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும். வார்டர் சிரித்தால் அன்றைக்குச் சோதனை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே யாரும் தலை நிமிர்ந்து வெளியே வர முடியாது. நெய்ச் சோற்றை விரலால் கிளறிப் பார்த்தேன். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10

இன்று எழுத ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஜோடி மாடு நின்ற கட்டுத்தறியில் ஒரே மாடு நிற்கிறது. மயிலை. நான் போகும்போது நுகத்துக்குப் புதிதாகப் பழகிய இளங்காளை, இப்போது நல்ல எருது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க முடியாது. எங்கள் கிணறு ஆழம். தண்ணீர் நிறைந்த சால் வாளி மேலே வர வேண்டுமென்றால் ஒரு ஜோடி மாடு கிணற்றோரச் சரிவில் இறங்க வேண்டும், ஓட்டுகிற ஆள் சாலை இழுக்கிற வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும்.

அப்படியிருக்க ராகி எப்படிப் பச்சையாக நிற்கிறது? மழை பெய்து எத்தனையோ நாள் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்து சென்னகிருஷ்ண நாயுடு கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டார், அது நாள் முழுக்க உறுமுகிறது. ஆனால் அவர் வாய்க்காலுக்கும் எங்கள் வரப்புக்கும் நடுவே இட்டேரி ஓடுகிறது. வண்டிப் பாதையைத் தாண்டித் தண்ணீர் வராது. போய்ப் பார்த்துவிட்டேன்.

மயிலையின் கழுத்தைத் தடவினேன். நுகத்தடி உராய்ந்த காய்ப்பு புதிதாக இருக்கிறது. அவிழ்த்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அது தானாக இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் இன்னொரு மாட்டுக்கு இடம் விட்டு நின்றது. மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதற்கு ஜோடி உண்டு. ஜோடி உண்டென்றால் அதை ஓட்டுகிற ஆளும் உண்டு.

பழனாத்தாளைக் கேட்டேன். "எரவல் போயிருந்துச்சுங்க" என்றாள். எங்கே என்றேன். "அக்கட்டத்தானுங்க." அக்கட்ட என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வாசல் காலையிலேயே கூட்டியாயிற்று.

பிப்ரவரி 15, ஞாயிறு

பொழுது விழுகிற நேரம் வந்தால் என் கால் தானாக வாசலுக்குப் போகிறது. குத்த வைத்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்கிறேன். உள்ளே அது எண்ணிக்கை நேரம். எண்ணி முடித்துக் கதவைப் பூட்டின பிறகுதான் மூச்சு சீராகும். இங்கே யாரும் எண்ண வருவதில்லை. மூச்சும் சீராவதில்லை.

மூன்று நான்கு நாள் இதைப் பழனாத்தாள் பார்த்திருக்கிறாள். இன்று அடுப்படியில் இருந்து வந்து என் தலைக்கு நேராக விரலை நீட்டினாள். "ஒண்ணு. எண்ணிப்போட்டேன். உள்ள வந்து உண்ணுங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இப்படிச் சிரிக்கத் தெரிந்தவளிடம் ரகசியம் இருக்குமா என்று நினைத்தேன். உள்ளே சிரிக்கத் தெரிந்தவனிடம்தான் எல்லா ரகசியமும் இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது.

அந்த வருஷங்களை எப்படித் தள்ளினீர்கள் என்று, என்னைப் பார்க்க வந்த மருமகன் கேட்டார். அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். காலையில் கணபதிப் பக்கத்து மில் சங்கு ஊதும். லாக்கப் திறக்க இன்னும் நேரம் இருக்கும். கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். மாட்டைப் பூட்டி, சாலை இறக்கி, முதல் பாத்தியில் இருந்து தண்ணீர் கட்டுவேன். பாத்தி நிறைந்தால்தான் அடுத்த மடை திறப்பேன். அவசரப்பட்டதே இல்லை. முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் பாய்ச்சிவிட்டால் மறுநாள் எழுந்து போக இடம் ஏது? மிளகாய், ராகி, பருத்தி, பட்டம் தவறாமல் மனசிலேயே வைத்து மனசிலேயே எடுத்தேன். பக்கத்தில் படுத்தவர்களுக்குப் புத்தி பிசகியது. எனக்குப் பிசகவில்லை. தோட்டத்தில் வேலை இருந்தது.

பிப்ரவரி 18, புதன்

நேற்று பழனாத்தாள் என்னைப் போத்தனூருக்கு அனுப்பினாள். மகளைப் பார்த்து வரச் சொன்னாள். கோமளா வாசலிலேயே, "ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் போகோணுங்கப்பா" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ரெண்டு நாள் என்று யார் முடிவு செய்தது? ரயில் பெட்டிகளில் எழுதியிருந்ததை எல்லாம் படித்துக்கொண்டு பொழுதைப் போக்கினேன். அது ஒரு சுகம்தான். இன்றே திரும்பிவிட்டேன்.

தோட்டம் ஈரமாக இருக்கிறது. பாதிப் பாத்தி பாய்ந்திருக்கிறது.

பிப்ரவரி 19

சரிவில் மாட்டுக் குளம்பு பார்த்தேன். இரண்டு மாடு. ஒன்று மயிலை, மற்றது அதைவிடக் கனம். மனுஷக் கால் தடமும் இருந்தது, சின்னதாக. கவலை ஓட்டுகிறவன் ஒல்லியான ஆள். பாரம் போதாமல் வடக்கயிற்றில் முன்னால் தள்ளி உட்காருகிறான், கயிற்றில் தேய்மானம் அங்கேதான் இருக்கிறது.

ஒல்லி ஆள். யார்?

பிப்ரவரி 23, திங்கள்

சத்தி ரோட்டில் ராமுலு டீக்கடைக்குப் போனேன். நான் போகும் வரை சத்தம், போனதும் அமைதி. ஒருவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் இந்தப் பக்கத்து எழுத்தைப் படித்தேன். பருத்தி, பஞ்சு, மழை இல்லை.

எல்லாரும் போன பிறகு ராமுலுவிடம், என் தோட்டத்துக்கு யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கவுண்டரே, ஊரே கண்ணு தெரியாத மாதிரி இருக்குது. நீங்களும் சித்தெ நாளைக்கு அப்பிடி இருந்து பாருங்க."

ஆக ஊருக்கே தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

பிப்ரவரி 27

அறுபது வயதுக்கு மேல் பொறாமை வரும் என்று யாரும் சொல்லவில்லை. வெங்கடபதி சொன்னது தப்பு. எழுத எழுத சந்தேகம் சாகவில்லை, கொழுக்கிறது.

மார்ச் 4, புதன்

இதை ஒரு முறை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் கிணறு பங்காளிக் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் மாரப்பண்ணன் முறை. என் பெரியப்பா மகன். அன்று தன் முறை முடிந்த பிறகும் அவர் சாலை இறக்கினார். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆயிற்று, கிணற்று மேட்டில். கிணற்றுக்குள் விழுந்து இறந்துபோனார். நான் தள்ளினேன் என்று கோர்ட்டில் சொன்னார்கள். தள்ளினேன். கொல்ல நினைக்கவில்லை என்று ஜட்ஜ் நம்பினதால் தலை தப்பியது.

பிறகு பங்காளிகள் கோயில் முன்னால் கூடி, இரண்டு வீட்டுக்கும் நெருப்பும் தண்ணீரும் புழக்கம் இல்லை என்று வைத்துவிட்டார்களாம். அந்த வீட்டு அடுப்பில் இருந்து ஒரு கங்கு இங்கே வரக்கூடாது, இங்கிருந்து ஒரு சொம்பு தண்ணீர் அங்கே போகக்கூடாது. கிணற்றில் மட்டும் அவரவர் முறையில் அவரவர் எடுத்துக்கொள்ளலாம். மீறினால் கோயிலில் இடம் இல்லை. மாரப்பண்ணன் சம்சாரம் ராசம்மாள், எனக்கு அண்ணி முறை, வரப்புக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். வந்ததில் இருந்து நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

என் கணக்கு இது. அண்ணியின் மருமகனோ யாரோ ஒரு ஆள் ஜோடி மாட்டோடு வந்து இரண்டு தோட்டத்தையும் கைக்குள் போட்டுக்கொண்டான். பழனாத்தாள் அதற்குச் சம்மதித்துவிட்டாள், அல்லது அவனுக்கே சம்மதித்துவிட்டாள். நான் இங்கே ஒறம்பரை, வந்து போகிற விருந்தாளி. நெய் ஊற்றிச் சோறு போட்டு, நாள் பார்த்துப் போத்தனூருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா இல்லையா, அது தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

வாயில வர்ற பேச்சாட்டமே எழுத்தும் வருது. இருந்தாலும் எழுதிப்போடறேன்.

காலையில பழனாத்தா மொளகாய்ப்பொடி இடிச்சு வெச்சிருந்தா. கோமளாவுக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்கன்னா. சரின்னேன். பஸ்ஸும் ஏறுனேன். கணபதியில எறங்கிட்டேன். இட்டேரி வழியா நடந்தே திரும்பி வந்தேன். கையில ஒரு தடி. அதை எங்க எடுத்தேன், எதுக்கு எடுத்தேன் — தெரியுல.

கிளுவை வேலிக்குப் பின்னால நின்னேன். கவலை ஓடற சத்தம் கேட்டுது. மயிலை ஒரு பக்கம், வலத்துல ஒரு செவலை. பாத்தியில பழனாத்தா மண்வெட்டியோட நின்னு தண்ணி கட்டறா. வடக்கயித்து மேல —

வெள்ளைச் சீலை.

பொம்பளை வடக்கயித்துல உக்காந்து இந்தச் சீமையில நான் பாத்ததே இல்லை. அதனாலதான் எனக்குத் தோணவே இல்லை. ஒல்லி ஆளாம், சின்னக் காலாம். ராசம்மா அண்ணி. சீலையைத் தார்பாச்சிக் கட்டிட்டு, மாட்டை நாக்குல சொடக்குப் போட்டு எறக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கெணத்துல. அண்ணன் விழுந்த அதே மேட்டுல.

நான் ஒளிஞ்சு நிக்கோணும்னு நெனைச்சேன். கால் முன்னால வந்துருச்சு. பாத்துட்டாங்க.

பாதிச் சரிவுல மாட்டை நிறுத்துனாங்க. கயித்துல இருந்து எறங்குனாங்க. செவலையை மட்டும் பூட்டுல இருந்து அவுத்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க. ஒத்தையா பாரம் தாங்காம மயிலை பின்னாலயே நகர, நெறைஞ்ச சால் மறுபடி கெணத்துக்குள்ள போச்சு. அந்தச் சத்தம்.

பழனாத்தா பாத்தது என்ற கையில இருந்த தடியைத்தான்.

மார்ச் 11, புதன்

இன்று கொஞ்சம் நிதானம். பழனாத்தாள் சொன்னதை எழுதுகிறேன். கேட்டது நான் அல்ல. அவளாகவே, ராகிக் களியைக் கிண்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

நான் உள்ளே போனதும் வக்கீலுக்காக எங்கள் ஜோடி மாட்டில் ஒன்றை விற்றுவிட்டாள். அந்த வீட்டில் கருமாதிக்கு ஒன்றை விற்றார்கள். அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று. இரண்டு தோட்டத்திலும் மிளகாய் வாடிக்கொண்டிருந்தது.

"நானு இந்தப் பக்கம் நின்னு கெணத்தைப் பாத்துட்டு இருந்தேன். அக்கா அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு இருந்தாங்க. ஒரு நா காலையில செவலையைக் கொண்டாந்து என்ற மயிலைக்குப் பக்கத்துல நிறுத்துனாங்க. ஒண்ணும் சொல்லுல. நானும் கேக்குல. பூட்டிப்போட்டோம்."

யார் வடக்கயிற்றில் உட்காருவது என்ற பேச்சே வரவில்லையாம். பழனாத்தாளால் கிணற்று மேட்டில் கால் வைக்க முடியவில்லை. அண்ணிதான் போய் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் பேச்சு வர ஒரு வருஷம் ஆயிற்று. கோயிலில் மட்டும் ஆளுக்கொரு மூலை. ஊருக்குத் தெரியும், ஊர் பார்க்காது.

ஜெயிலுக்குப் பார்க்க வந்தபோது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கற மனுசன்கிட்ட என்னான்னு சொல்றதுங்க? சொல்லியிருந்தா உங்களுக்கு உள்ள தூக்கம் வந்திருக்குமா?"

வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம் என்றேன். அதற்குத்தான் களியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து தடியோட வந்தீங்களே. அதுக்குத்தான்."

மார்ச் 14, சனி

செவலை வரவில்லை. அண்ணி வரவில்லை. ராகி கதிர் வாங்குகிற நேரம், இரண்டு பக்கத்துத் தோட்டமும் காய்கிறது. ஜோடிக்கு மாடு கேட்டு மூன்று வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உட்கார வைத்தார்கள், மாடு மட்டும் யாரும் தரவில்லை. ஒருவர், "அந்தக் கெணத்துக்குங்களா?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று காலை சங்கு ஊதும்போது பழைய பழக்கத்தில் கண்ணை மூடித் தோட்டத்துக்குப் போனேன். ஒன்று உறைத்தது. அத்தனை வருஷமும் என் மனசில் இருந்த கிணற்றில் மாரப்பண்ணனுக்குப் பங்கே இல்லை. தினமும் என் முறை. வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை. அங்கே வெறும் வெளிச்சமாக வைத்திருந்தேன். அதனால்தான் புத்தி பிசகாமல் இருந்தது போல. நிஜத் தோட்டத்தில் அதே நேரம் இரண்டு பெண்கள் ஒரே நுகத்தடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கட்டவில்லை.

மார்ச் 18, புதன்

மாரியம்மன் நோம்பி. பழனாத்தாள் ஒரு மூலையில் பொங்கல் வைத்தாள், அண்ணி எதிர் மூலையில். முகம் பார்த்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் இது ஊருக்காக நடித்தது. இந்த வருஷம் நடிக்கவில்லை. பழனாத்தாளின் பானை பொங்கும்போது அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அங்கிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை நான்தான் செய்தேன்.

மார்ச் 21, சனி

யோசித்து யோசித்து இன்று சொல்லிவிட்டேன். நான் போத்தனூர் போய் மகளோடு இருக்கிறேன், மாட்டைப் பிரிக்க வேண்டாம், நான் இல்லை என்று தெரிந்தால் அண்ணி வருவார் என்றேன். நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். அவள் சந்தோஷப்படுவாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும் இருந்தேன். சந்தோஷப்பட்டால் நான் நினைத்தது எல்லாம் சரி.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போங்க. இத்தனை வருசம் அரசாங்கம் கூட்டிட்டுப் போச்சு. இப்ப நீங்களாவே போறீங்க. நல்லாருக்குதுங்க பொழப்பு."

சாயங்காலம் எழுந்து, தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, வரப்பைத் தாண்டிப் போனாள். பகல் வெளிச்சத்தில், ஒளியாமல், அந்த வீட்டு வாசலுக்கே போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "உங்களைப் பத்திப் பேச என்ன இருக்குது? ராகியைப் பத்திப் பேசுனோம்" என்றாள்.

நம்பவில்லை.

மார்ச் 23, திங்கள்

அண்ணியிடம் இருந்து சேதி வந்திருக்கிறது. பழனாத்தாள் அப்படியே அண்ணியின் குரலிலேயே சொன்னாள்:

"அவரு கால் கெணத்து மேட்டுல படக்கூடாது. வடக்கயிறு நாந்தான். மடை கட்ட வாறதுன்னா வரட்டும். எம்பட தோட்டந்தான் மொதல்ல."

நான்கு வரி. ஒவ்வொன்றையும் ராத்திரி வரை புரட்டிப் பார்த்தேன். மேட்டில் கால் படக்கூடாது, அது நியாயம். வடக்கயிறு அவர், அதுவும் சரி. ஆனால் மடை கட்ட என்னை ஏன் கூப்பிட வேண்டும்? பழனாத்தாள் கட்டுகிறாளே. அவர் தோட்டம் ஏன் முதலில்? அங்கே என்னை நிறுத்தி ஊரைக் கூட்டிக் காட்டவா? அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட்டான் என்று கோயிலில் சொல்லவா? உள்ளே இப்படிக் கூப்பிட்டுத்தான் ஒருவனை மாட்டிவிட்டார்கள். அவனை எனக்குத் தெரியும்.

போகலாமா, வேண்டாமா?

மார்ச் 24

மண்வெட்டியைத் தீட்டினேன். போவதென்று தீர்மானித்துத் தீட்டவில்லை. மழுங்கியிருந்தது, தீட்டினேன்.

மார்ச் 26, வியாழன்

போனேன்.

விடியலில் செவலை வந்தது. அண்ணி என் பக்கம் பார்க்காமல் பூட்டினார். நான் கிணற்று மேட்டைச் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, வரப்பைத் தாண்டி அந்தத் தோட்டத்தில் இறங்கினேன். அந்த மண்ணில் கால் வைத்து எவ்வளவு காலம். ராகி எங்களுடையதைவிட வாடியிருந்தது. அவர் தோட்டம் ஏன் முதலில் என்பது, பார்த்த உடனே தெரிந்தது. மேட்டு நிலம், கடைசித் தண்ணீரும் அதற்குத்தான் எட்டாமல் போயிருக்கிறது. அதற்கு மேல் அந்தச் சேதியில் ஒன்றும் இல்லை. மூன்று ராத்திரி நான் புரட்டினது வீண்.

பழனாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டாள். வேண்டுமென்றே போனாளா? போயிருப்பாள்.

தண்ணீர் வந்தது. முதல் மடையைத் திறந்தேன். காய்ந்த மண் தண்ணீரை இழுக்கிற சத்தம் ஜெயிலில் என் மனசில் எப்போதும் சரியாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன். குனிந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

இட்டேரியில் கோயில் பங்காளிகளில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு போனார். வெயில் அந்தப் பக்கம். அவர் குடையை இந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாழாய்ப்போன கண் எனக்கு. சால் ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் நிமிர்ந்து கிணற்று மேட்டைப் பார்த்தேன். அவர் ஏதாவது செய்துகொள்வாரோ, மாடு மிரளுமோ, அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன நினைக்கிறாரோ, என்னைத்தான் பார்க்கிறாரோ என்று. சரிவில் இறங்குகிற வெள்ளைச் சீலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். காலடியில் பாத்தி நிறைந்து, வரப்பு உடைந்து, அத்தனை தண்ணீரும் ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. வடக்கயிற்றில் இருந்தபடியே, ஊரே கேட்கிற மாதிரி குரல் வந்தது.

"ஏனுங்க கொழுந்தனாரே, கண்ணு தண்ணி மேல இருக்கோணும். கெணத்து மேல என்ன பார்வை? ஒடஞ்சு போகுது பாருங்க, அடைங்க."

நான் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. கையால் சேற்றை வாரி வாரிப் போட்டேன், மண்வெட்டி எங்கே விழுந்ததோ. உடைப்பு அடைபட்டதும் நிமிர்ந்து, "ஆச்சுங்கண்ணி" என்று கத்தினேன். மாட்டுக்கு நாக்கைச் சொடுக்கினார், சால் மேலே வந்தது.

அப்புறம் பொழுது உச்சிக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு முறை குரல் வந்தது. ஒன்று, தண்ணீர் போதும் மடை மாத்துங்க என்று. மற்றது, இப்படித் தூங்கித் தூங்கிக் கட்டினால் ராகி அடுத்த வருஷம்தான் விளையும் என்று. இரண்டுக்கும் கொழுந்தனாரே என்றுதான் ஆரம்பித்தார்.

தட்டுக் கட்டோடு வந்த பழனாத்தாள் வரப்பில் நின்று இதைக் கேட்டிருக்கிறாள். சுமையை இறக்காமலே நின்றாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்தத் தோட்டம் பாதிதான் பாய்ந்திருக்கிறது. மீதி நாளைக்கு. அது முடிந்தால் அடுத்த வாரம் எங்கள் தோட்டம், வடக்கயிற்றில் அண்ணி, மடையில் நான். இன்னும் என்னென்ன திட்டுகிறார் என்று ஒன்று விடாமல் கேட்டு வந்து, முறை முடிகிற அன்று உட்கார்ந்து மெதுவாக எழுத வேண்டும்.